பந்தைப் பிடிக்கிறவன்

உட்காருங்கள் தம்பி, இடம் இருக்கிறது. இந்தப் பையை மடியில் வைத்துக்கொள்கிறேன். உள்ளே பந்துதான். தொட்டுப் பாருங்கள். கோழிமுட்டையை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்த மாதிரி இருக்கிறதா? இதற்கும் பந்து என்றுதான் பேர் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இருந்து வருகிறது. நானும் அங்கே இருந்துதான் வருகிறேன். காலையில் திருவனந்தபுரத்தில் இறங்கினோம். உடம்பு வந்துவிட்டது, தூக்கம் இன்னும் வந்து சேரவில்லை.

டாக்ஸியில் போகலாமே என்று நினைப்பீர்கள். மகன் அங்கே இருந்தே டாக்ஸிக்குச் சொல்லி வைத்திருந்தான். நான்தான் வேண்டாம் என்றேன். டாக்ஸி நேராகக் கொண்டுபோய் அவன் வாசலில் நிறுத்திவிடும். பஸ் என்றால் நின்று நின்று போகும். எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை. அவசரம் எல்லாம் என் வீட்டுக்காரிக்குத்தான். முன்னால் ஜன்னலில் தலை சாய்த்திருக்கிறாளே, சாம்பல் நிறச் சேலை, அவள்தான் பிலோமினா. தூங்குகிறாள் என்று நினைக்காதீர்கள். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள்.

அவன் என்றால் பெர்க்மான்ஸ். பிலோமினாவின் அண்ணன், எனக்கு மச்சான். குருசுமுனையில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறான். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, நான் அந்தப் படி ஏறியதில்லை, அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. போன வாரம் அவனுக்கு வாதம் அடித்து இடது பக்கம் விழுந்துவிட்டது. அவன் மகள் போன் போட்டாள். பிலோமினா அழுத அழுகையில் மகன் டிக்கெட்டை மாற்றிக் கொடுத்துவிட்டான். ஆறு மாசம் இருக்கப் போனவர்கள் இரண்டாம் மாசமே திரும்புகிறோம். விமானத்தில் அவள் என்னிடம் பேசியதே கொஞ்சம்தான். "இந்தத் தடவ நீங்க உள்ள வரணும். வாசல்ல நின்னுட்டுத் திரும்பினீங்கன்னா நான் அங்கேயே இருந்துக்கிடுவேன். உங்களுக்குச் சோறு வைக்க வேற ஆளப் பாத்துக்கிடுங்க." இந்த வயதில் எனக்குக் கெடு வைக்கிறாள். உள்ளே போவதா வேண்டாமா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. அதற்குத்தான் பஸ்.

நாங்கள் அமெரிக்கா கிளம்பின அன்றைக்கு அவன் என்ன செய்தான் தெரியுமா? பிலோமினாவிடம் சொல்லி அனுப்பினான். "அங்க கால்பந்துன்னு சொல்லிக் கையால ஆடுவானாம். அது என்ன ஆட்டம்னு மச்சானப் பாத்துட்டு வரச் சொல்லு." பார்த்தீர்களா திமிரை? பேச்சுவார்த்தை இல்லாதவனுக்கு வேலை ஏவுகிறான். "நான் என்ன அவனுக்குக் கூலிக்கு ஆளா?" என்று கேட்டேன். பிலோமினா பெட்டியை மூடிக்கொண்டே, "கேட்டதச் சொன்னேன்" என்றாள்.

நான் அதற்காக அந்த ஆட்டத்தைப் பார்க்கவில்லை. அங்கே வேறு என்ன இருக்கிறது பார்க்க? மகன் ஜெரால்டுக்குக் கடலில் எண்ணெய் எடுக்கிற கம்பெனியில் வேலை. மருமகளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. பேத்தி மெரின் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவாள். வீட்டைச் சுற்றிப் புல். அதற்கு அப்பாலும் புல். கடல் எந்தப் பக்கம் என்றே தெரியாது. டிவியைப் போட்டால் அந்த ஆட்டம். சரி, கண்ணில் பட்டதைப் பார்த்தேன்.

முதலில் சிரிப்பு வந்தது. ஆட்டமா அது? தோளில் பலகை மாதிரி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். தலையில் கவசம். முகத்துக்குக் கம்பி வலை. விசில் அடித்ததும் இரண்டு காளைக் கூட்டம் மாதிரி மோதிக்கொள்கிறார்கள், விழுகிறார்கள், உடனே விசில். முடிந்தது. எழுந்து கூடிக் கூடிப் பேசுகிறார்கள். மறுபடி மோதல், மறுபடி விசில். நம் ஆட்டத்தில் ஆள் விழுந்தால்தான் நிற்கும். அங்கே ஆள் விழுவதுதான் ஆட்டம். கடிகாரத்தைக்கூட நிறுத்தி வைத்துவிடுகிறார்கள் தம்பி. நம் ஆட்டத்தில் நேரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும், உனக்கு மூச்சு வாங்கினாலும் ஓடும், உன் அப்பன் செத்தாலும் ஓடும். அவர்கள் கையைத் தூக்கினால் நேரம் நின்றுவிடுகிறது. வசதியான ஊர்.

தாக்குகிறதற்குப் பதினொரு பேர், தடுக்கிறதற்கு வேறு பதினொரு பேர். நாங்கள் எல்லாம் முன்னாலும் ஓடினோம், பின்னாலும் ஓடினோம். எங்களுக்கு மாற்று ஆள் யார் வந்தார்கள்? நான் இடது ஓரத்தில் ஆடுவேன். அந்த ஓரத்தில் மணல் அதிகம். மணலில் ஓடினவன் கால் எப்படி இருக்கும் என்று பாருங்கள், இந்தா. இப்போதும் ராத்திரி இழுக்கிறது.

ஒன்று மட்டும் நல்லது சொல்வேன். பத்து கஜம் முன்னால் போக நாலு வாய்ப்புக் கொடுக்கிறார்கள். போனானா இல்லையா என்று சந்தேகம் வந்தால் இரண்டு ஆள் குச்சியில் கட்டின சங்கிலியை மைதானத்துக்குள்ளேயே கொண்டுவந்து, எல்லார் முன்னாலும் இழுத்துப் பிடித்து அளக்கிறார்கள். பந்தின் மூக்கு சங்கிலியைத் தாண்டியிருந்தால் சரி. ஒரு சண்டை இல்லை. எங்கள் கரையில் ஒரு சங்கிலி இருந்திருந்தால் எத்தனை மண்டை தப்பியிருக்கும்.

மெரினிடம்தான் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவள் நம் பந்தாட்டம் ஆடுகிறவள். அங்கே அதற்குச் சாக்கர் என்று பேர். என் இடது கால் அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது, ஜெரால்டுக்கு வரவில்லை. தமிழ் கொஞ்சம் தட்டித் தட்டித்தான் பேசுவாள். "தாத்தா, நீங்க ஏன் இவ்ளோ கேக்குறீங்க? டெஸ்ட் எழுதவா?" என்பாள். "சும்மாதான் மக்கா" என்பேன். பிலோமினா அடுப்படியில் இருந்து சிரிப்பாள். எதற்குச் சிரித்தாள் என்று எனக்குத் தெரியாது.

மெரின் கதையைச் சொல்கிறதற்கு முன்னால் எங்கள் ஊரில் நடந்த ஒரு இறுதி ஆட்டத்தைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் பெர்க்மான்ஸ் மேல் எனக்கு ஏன் கோபம் என்று உங்களுக்குப் புரியாது. எல்லாரும் என்னைத்தான் பிடிவாதக்காரன் என்கிறார்கள்.

பங்குத் திருவிழாவுக்கு வருஷா வருஷம் எங்கள் கரையில் போட்டி நடக்கும். அந்த வருஷம் எங்களுக்கும் பாறைத்துறைக்கும் இறுதி ஆட்டம். கோவில் பக்கத்து மணல்வெளி. ஒரே புழுக்கம், திருவிழாக் கொடி கம்பத்தோடு ஒட்டிக் கிடக்கிறது, ஒரு ஓலை ஆடவில்லை. இரண்டு பேருக்கும் ஒரு கோல். முடிகிற நேரம். பெர்க்மான்ஸ் நடுவில் இருந்து எனக்குத் தள்ளினான். அதைக் குறை சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் தள்ளுவான். எங்கே ஓடப்போகிறேன் என்று எனக்குத் தெரிகிறதற்கு முன்னால் அவனுக்குத் தெரியும். நான் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். பாறைத்துறைக்காரன் ஒருவன் பின்னால் இருந்து காலை வாரிவிட்டான். பெனால்டி.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. எவனை விழத்தட்டினார்களோ அவன்தான் பெனால்டி அடிக்க வேண்டும். மற்ற ஊர்களில் வேறு மாதிரி இருக்கலாம். எங்களுக்கு இதுதான். விழுந்தவன் எழுந்து அடிக்க வேண்டும். அடிக்காமல் ஒதுங்கினால் அவனை ஆம்பிளை என்று சேர்க்க மாட்டார்கள். ஆக அது என் அடி. என் உரிமை.

கோல் கம்பத்துக்குப் பின்னால் என் அப்பா நிற்கிறார். கையில் துடுப்பு. "இது போச்சுன்னா வள்ளத்துல கால் வைக்காத!" என்று கத்துகிறார். அவர் சுபாவம் அப்படி. அந்தத் துடுப்பால் முன்னாலும் அடித்திருக்கிறார், ஒரு தடவை தோள் இறங்கிவிட்டது. அந்தக் காலத்து அப்பாக்கள் அப்படித்தான், பெரிய விஷயம் இல்லை.

நான் பந்தை வைத்தேன். பந்து உருண்டது. மறுபடி எடுத்து வைத்தேன். மறுபடி உருண்டது. காற்று அப்படி. கண் கொஞ்சம் இருட்டியது. காலையில் இருந்து சாப்பிடவில்லை, பூசைக்குப் போய் நன்மை அப்பம் வாங்கிவிட்டு நேராக மைதானத்துக்கு வந்தவன். முட்டி கொஞ்சம் ஆடியது. விழுந்தவனுக்கு முட்டி ஆடாதா? மூன்றாம் தடவை குனிகிறேன், பெர்க்மான்ஸ் வந்து என் கையில் இருந்து பந்தைப் பிடுங்கினான். "எடே ததேயு, நீ மாறு. நான் அடிக்கேன்." அவ்வளவுதான். என்னைத் தோளைப் பிடித்து ஒதுக்கினான். ஊரே பார்க்கிறது.

அடித்தான். கம்பத்துக்கு மேலே போய், அப்பா தலைக்கும் மேலே போய், கடலில் விழுந்தது. பிறகு பாறைத்துறைக்காரன் ஒன்று போட்டான். தோற்றோம்.

அது மட்டும் என்றால்கூட மன்னித்திருப்பேன். அப்பா துடுப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார். இவன் குறுக்கே போய் நின்று, "அவன் தரமாட்டேன்னுதான் சொன்னான் மாமா, நான்தான் பிடுங்கினேன்" என்கிறான். பொய் தம்பி! நான் தரமாட்டேன் என்று சொல்லவே இல்லை. நான் ஒன்றுமே சொல்லவில்லை, எனக்கு வாயே வரவில்லை. அப்பா துடுப்பால் அவன் முதுகில் ஒன்று போட்டுவிட்டு என்னை வீட்டுக்குக் கூட்டிப் போனார். அன்றைக்கு அப்பாவுக்கு வைக்கிற மீன் தலையை எனக்கு வைத்தார்கள்.

அவனைக் 'கடல்ல அடிச்சான்' என்றுதான் ஊர் கூப்பிட்டது. பூசையில் எழுந்து நின்றால் பின்னால் இருந்து எவனாவது அலை மாதிரிச் சத்தம் போடுவான். தாங்காமல் கொச்சிக்குப் போய் விசைப்படகில் வேலை செய்துவிட்டு, எங்கள் கல்யாணத்துக்குத்தான் திரும்பி வந்தான். பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணம், நான் என்ன செய்வேன். மச்சான் மாப்பிள்ளைக்கு மோதிரம் போட வேண்டும் அல்லவா? கையை நீட்டினேன், முகத்தைக் கூரைப் பக்கம் வைத்துக்கொண்டேன். மோதிரம் இறுக்கம். அவன் திருகித் திருகிப் போட்டான். இப்போதும் கழற்ற முடியாது, பாருங்கள்.

எனக்கு என்ன கோபம் என்றால், நான் அடித்திருந்தால் உள்ளே போயிருக்கும். அதை அவன் எனக்குக் காட்ட விடவில்லை. நாற்பது வருஷமாக ஒரு ஆள் என்னைக் குறை சொன்னதில்லை. ஆனால் ஒரு ஆள் என்னை நல்ல ஆட்டக்காரன் என்றும் சொன்னதில்லை.

மெரின் விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தக் காளை ஆட்டத்திலும் காலுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறார்கள். கடைசியில் முன்னேற முடியாமல் போனால் ஒரு ஆளைக் கூப்பிட்டுப் பந்தைக் காலால் இரண்டு கம்பத்துக்கு நடுவே அடிக்கச் சொல்வார்கள். உள்ளே போனால் மூன்று புள்ளி. அவள் பள்ளிக்கூடத்துப் பையன்கள் அணியில் அதை அடிக்கிறவனுக்குக் கால் எலும்பு விலகிவிட்டது. பயிற்சியாளர் மெரினை வந்து கேட்டிருக்கிறார். பெண்பிள்ளை ஒருத்தி, அத்தனை காளைகளுக்கு நடுவில்! ஜெரால்ட் யோசித்தான். மருமகள் வேண்டாம் என்றாள். நான்தான், "போகட்டும், காலுக்கு மரியாதை குடுக்கிறான்ல" என்றேன்.

இப்போது இந்தப் பந்தைப் பாருங்கள். தரையில் வைத்தால் நிற்குமா? படுத்துவிடும். நம் பந்தை வைத்தால் அது பாட்டுக்கு இருக்கும், யாரும் வேண்டாம். இது தானாக நிற்காது. அதனால் ஒருவன் முட்டி போட்டு உட்கார்ந்து, பின்னால் வீசுகிற பந்தைக் கையில் வாங்கி, தரையில் குத்தி நிறுத்தி, மேலே ஒரு விரல் வைத்துப் பிடித்துக்கொள்வான். அடிக்கிறவள் ஓடிவந்து அடிப்பாள்.

என்ன கேட்டீர்கள்? பிடிக்கிறவன் கையில் மிதி விழாதா என்றா? விழும். சில நேரம் விழும் என்று மெரினும் சொன்னாள். அப்புறமும் பிடிக்கிறான்.

அவளுக்குப் பிடிக்கிற பையன் பேர் லோகன். பேரைக் கேட்டால் நம் பையன் என்று நினைப்பீர்கள், முகமெல்லாம் செம்புள்ளி போட்ட வெள்ளைக்காரப் பையன். வீட்டுக்கு வந்து பிலோமினா சுட்ட முறுக்கைத் தட்டோடு தின்றுவிட்டுப் போவான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆட்டம். ஊர் முழுக்க வந்துவிடுகிறது. மேளம், கொம்பு, நம் திருவிழாவேதான். எங்களுக்குப் பதினாலு, எதிர்ப்பக்கம் பதினாறு. கடைசி நேரம். மெரினைக் கூப்பிட்டார்கள். அத்தனை பெரிய கவசத்துக்குள்ளே அவள் தலை ஒரு பயறு மாதிரி. அவள் தயாராக நின்றதும் எதிர்ப்பக்கத்துக்காரன் கையைத் தூக்கி நேரத்தை நிறுத்தினான். அவள் பயப்பட வேண்டும் என்றே நிறுத்துவார்களாம். நின்றுகொண்டே இருக்கிறாள். இவ்வளவு தூரத்தில் இருந்து பார்க்கிறேன், அவள் முட்டி ஆடுகிறது. பிலோமினா செபமாலையை எடுத்துவிட்டாள்.

அப்போது லோகன் முட்டி போட்டிருந்தவன் தலையைத் திருப்பி அவளிடம் என்னவோ சொன்னான். அவள் தலையை ஆட்டினாள். பந்து வந்தது. குத்தி நிறுத்தினான். பந்தின் தையல் கம்பத்தைப் பார்த்து இருக்க வேண்டும், இருந்தது. சாயவில்லை, நகரவில்லை. கடலில் கண்ணை வைத்துப் பிழைத்தவன் நான், எனக்குத் தெரியும். அவள் அடித்தாள். வலது கம்பத்துக்கு வெளியே போய்விட்டது.

தோற்றுவிட்டார்கள். ஒரு சத்தம் இல்லை. எங்கள் கரையாக இருந்தால் மணலை வாரி எறிந்திருப்பார்கள். எங்கள் ஆட்டத்தில் முகத்தை மறைக்க ஒரு இடமும் கிடையாது தம்பி. சட்டையை இழுத்து மூடினால் உண்டு. அவளுக்குக் கவசம் இருந்தது. உள்ளே அழுதாளோ என்னவோ, யாருக்குத் தெரியும்? அந்த விஷயத்தில் அது நல்ல ஆட்டம்தான்.

இந்த லோகன் என்ன செய்தான் தெரியுமா? கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நேராகப் பயிற்சியாளரிடம் ஓடினான். தன் நெஞ்சில் தட்டித் தட்டிச் சொல்கிறான். ஜெரால்டிடம் கேட்டேன், என்ன சொல்கிறான் என்று. "பந்த நான் சரியா வைக்கல, தப்பு எம்மேலதான்னு சொல்றான் அப்பா" என்றான். பயிற்சியாளர் அவனை நன்றாகத் திட்டினார். பெஞ்சில் இருந்த பையன்கள் அவனைப் பார்த்து என்னவோ சொன்னார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வீட்டுக்கு வந்ததும் மெரினிடம் கேட்டேன். "அந்தப் பையன் பந்தச் சரியாத்தான வச்சான்?"

"ஆமா தாத்தா. பெர்ஃபெக்டா வச்சான்."

"அப்புறம் ஏன் பொய் சொல்றான்?"

அவள் காலணிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே இருந்தாள். "அடுத்த வாரம் நான்தானே அடிக்கணும்? அதுக்குத்தான்."

"அவனுக்கு என்ன வந்தது அதுல?"

"ஒண்ணும் இல்ல. அவன் என் ஹோல்டர்." பந்தைப் பிடிக்கிறவன் என்று அர்த்தம். அது ஒரு பெரிய பதில் மாதிரி சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

எனக்குப் பொய் சொல்கிறவர்களைக் கண்டாலே ஆகாது. தப்பு செய்தவள் அவள், சுமக்கிறவன் அவன், இது என்ன நியாயம்? பிலோமினாவிடம் இதைச் சொன்னேன். அவள் தட்டைக் கழுவிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சொல்லுங்க, இன்னும் சொல்லுங்க" என்றாள். அதற்கு மேல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அங்கே எல்லாவற்றிலும் அந்த சீஸைப் போட்டுவிடுகிறார்கள், அதுதான் வயிற்றுக்கு ஆகவில்லை. இன்றைக்கு வரைக்கும் நெஞ்சிலேயே நிற்கிறது.

இரண்டு நாளில் போன் வந்துவிட்டது. "அப்பா கண்ணத் தொறக்கவே இல்ல அத்தே, டிவியில பந்தாட்டம் போட்டாத்தான் தொறக்காங்க" என்று பெர்க்மான்ஸ் மகள் அழுகிறாள். வாதம் வந்தும் ஆள் திருந்தவில்லை பாருங்கள்.

கிளம்பும்போது மெரின் இந்தப் பந்தை மடியில் வைத்துவிட்டாள். கொஞ்சம் காற்றை இறக்கியிருக்கிறாள், விமானத்துக்காக. எப்படிப் பிடிக்க வேண்டும் என்று என்னைத் தரையில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். "ஒரு விரல் போதும் தாத்தா. அழுத்தாதீங்க." இன்றைக்கு அங்கே வெள்ளிக்கிழமை. அவளை அடிக்க விடுவார்களோ, என்னவோ.

அலுப்பாக இருக்கிறது தம்பி. இவ்வளவு பேச வேண்டும் என்று நினைக்கவில்லை. நான் சொன்னதில் புரியாதது ஏதாவது இருக்கிறதா? சங்கிலி கொண்டுவந்து அளக்கிறது புரிந்ததா? நாலு வாய்ப்பு, பத்து கஜம்? சரி. எந்த இடத்திலாவது குழப்பினேனா என்று பார்த்தேன். பெர்க்மான்ஸ் குறுக்குக் கேள்வி கேட்கிற ஆள். பிடிக்கிறவன் கையில் மிதி விழாதா என்று அவனும் கேட்பான்.

அதோ சிலுவை வைத்த குருசடி தெரிகிறது, எங்கள் நிறுத்தம்தான். பிலோமினா எழுந்துவிட்டாள், பார்த்தீர்களா, தூங்கவே இல்லை. அந்தப் பெட்டியைக் கொஞ்சம் இறக்கிக் கொடுங்கள். பந்து இருக்கட்டும், அது என் கையிலேயே இருக்கட்டும்.

நான் அவனிடம் பேசப் போவதில்லை. அதில் மாற்றம் இல்லை. ஆட்டத்தைப் பற்றிச் சொல்வது வேறு, பேசுவது வேறு. அவனைக் கூடத்தில் தரையோடு பாய் விரித்துத்தான் போட்டிருக்கிறார்களாம். இடது பக்கம்தான் விழுந்திருக்கிறது. வலது கை நன்றாக இருக்கிறதாம், கேட்டுவிட்டேன். ஒரு விரல் போதும்.

அவன் பிடிக்கட்டும். இந்தத் தடவை நான் அடிக்கிறேன்.